வெஜைனிஸ்மஸ்: டைலேட்டர் இரண்டாம் அளவில் நிற்கிறது, கெகல் உதவுமா?

கேள்வி:
வெஜைனிஸ்மஸ் (யோனி நுழைவாயில் தசை தானாக இறுகிக்கொள்வது) என்று டாக்டர் சொல்லி, டைலேட்டர் செட் (உள்ளே வைத்துப் பழக, சிறிதிலிருந்து பெரிதாகப் பல அளவுகளில் வரும் குழாய்கள்) எழுதிக்கொடுத்தார். முதல் அளவு வலியில்லாமல் போகிறது. இரண்டாவது நுழைவாயிலிலேயே சுவரில் முட்டின மாதிரி நிற்கிறது. தினமும் கெகல் செய்தால் தளருமா?

பதில் 1:
கெகலை இப்போதைக்கு நிறுத்துங்க. அது இடுப்புத்தளத் தசையை, அதாவது யோனியைச் சுற்றியுள்ள தசையைச் சுருக்கும் பயிற்சி. உங்களுக்கு அந்தத் தசை ஏற்கெனவே சுருங்கிக் கிடப்பதுதான் பிரச்சினை. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இரண்டு பக்கமும் தலையணை வையுங்க. வயிறு உப்பும்படி மூச்சை இழுங்க. சிறுநீர் கழிக்க ஆரம்பிக்கும்போது கீழே ஒரு தளர்வு வருமே, அதை வரவழையுங்க. முக்கக் கூடாது. 5 நிமிடம் இப்படிச் செய்த பிறகுதான் டைலேட்டர்.

வாட்டர் பேஸ்டு ஜெல்லைத் தாராளமாகத் தடவுங்க. சிலிக்கான் டைலேட்டருக்கு சிலிக்கான் ஜெல் ஆகாது, மேற்பரப்பு கெட்டுவிடும். முதல் அளவை 5 நிமிடம் வைத்து எடுத்த கையோடு இரண்டாவதை வையுங்க. நேராகத் தள்ளாமல் முதுகுப் பக்கம் சாய்த்து. நுனி போனதும் நிறுத்தி, நாலைந்து மூச்சு விடுங்க. வலி பத்துக்கு மூன்றைத் தாண்டினால் பின்வாங்கிடுங்க. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினால் உடம்பு அந்த வலியை எதிர்பார்த்தே அடுத்த தடவை இன்னும் இறுகும். எல்லாம் சேர்த்து 15-20 நிமிடம் போதும்.

பதில் 2:
முட்டுகிறதா, எரிகிறதா என்று கவனியுங்கள். ஈரப் பஞ்சுக்குச்சியால் நுழைவாயிலைச் சுற்றி லேசாகத் தொட்டாலே சுரீரென்றால், தசை மட்டும் காரணமில்லை. பூஞ்சைத் தொற்று, அந்த இடத்து நரம்பு வலி, பிரசவத் தையல் தழும்பு, தாய்ப்பால் கொடுக்கும் காலத்து வறட்சி எதுவாகவும் இருக்கலாம். அதைக் குணப்படுத்தாமல் டைலேட்டர் மட்டும் வைத்தால் வலிதான் மிஞ்சும். கன்னித்திரையை வெட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரையும் பாருங்கள். தசை இறுக்கம் அதனால் போகாது. இடுப்புத்தளப் பயிற்சி தெரிந்த பெண் பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் நல்லது.

பதில் 3:
கணவரிடமும் பேசிடுங்க தங்கச்சி. பயிற்சி முடியும்வரை உறவு முயற்சி வேண்டாம், அணைப்பும் தொடுகையும் தாராளமாக இருக்கட்டும். "விசேஷம் ஏதும் உண்டா" என்று வீட்டில் நெருக்கினால், அதற்காக வலியோடு உறவு கொள்ள வேண்டியதே இல்லை. கருமுட்டை வெளிவரும் நாட்களில் சுத்தமான கப்பில் விந்தை எடுத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் வீட்டிலேயே மெதுவாக உள்ளே விடலாம். சிரிஞ்ச் முதல் டைலேட்டரைவிட ஒல்லியாக இருக்கட்டும். நாளையும் முறையையும் டாக்டரிடம் கேட்டுக்கோங்க.