கடற்புல் ஆய்வேட்டுக்கு ஸோட்டெரோவா, மெண்டலியா?

மண்டபம் மாணவி: மன்னார் வளைகுடா கடற்புல் பற்றி பிஎச்டி எழுதுகிறேன். மேற்கோள்களைக் கையால் தட்டியே விரல் தேய்கிறது. காற்றடித்தால் இங்கே நெட் போய்விடும். பாதி நூல்கள் தமிழ். காசு கொடுத்து வாங்க வழியில்லை. மேற்கோள்களைச் சேமித்துப் பட்டியலிடும் மென்பொருள்களான ஸோட்டெரோ, மெண்டலியில் எது தேறும்?

கீழக்கரை அண்ணன்: ஸோட்டெரோதான் தங்கச்சி. இலவசம். எல்லாம் உங்கள் கணினியிலேயே இருக்கும். நெட் இல்லாமலே வேர்டில் மேற்கோள் செருகலாம். ஆன்லைன் இடம் 300 எம்பிதான். பிடிஎஃப் ஒத்திசைவை நிறுத்திவிடுங்கள், நூல் விவரங்களுக்கு வரம்பில்லை. தமிழ் ஆசிரியர் பெயரை இரண்டாகப் பிரிக்காமல் ஒரே கட்டத்தில் போடுங்கள். இல்லாவிட்டால் இனிஷியல் முன்னே, ஆள் பின்னே!

தொண்டிக்காரன்: மெண்டலி 2 ஜிபி தருகிறதே? 2013-லேயே எல்சேவியர் பதிப்பகம் அதை வாங்கிவிட்டது, எனக்கென்னவோ ஒட்டவில்லை.

மண்டபம் மாணவி: நன்றி அண்ணே. வழிகாட்டி எண்ட்நோட் (இதேபோன்ற இன்னொரு மென்பொருள்) கோப்பு அனுப்பினால்?

கீழக்கரை அண்ணன்: ஆர்ஐஎஸ் (மேற்கோள் மென்பொருள்களுக்கான பொது வடிவம்) வடிவில் கேளுங்கள், ஸோட்டெரோவில் அப்படியே இறங்கும்.