பழைய கணினிகளுக்கான நம் லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஇ மட்டும் போதுமா, எல்எக்ஸ்கியூட்டியும் வேண்டுமா?

கரிசல்காடு:
பள்ளிகளுக்கு வந்துசேரும் பழைய கணினிகளுக்காக டெபியன் என்ற லினக்ஸ் வகையிலிருந்து நாம் உருவாக்கும் ஐஎஸ்ஓவில் (நிறுவுவதற்கான கோப்பில்) இப்போது எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப் (திரையில் தெரியும் மெனு, சாளரங்கள் அடங்கிய சூழல்) மட்டும்தான் இருக்கிறது. டெபியன் 13-க்கு மாறும்போது எல்எக்ஸ்கியூட்டி என்ற இன்னொரு டெஸ்க்டாப்பையும் சேர்க்க வேண்டும் என்கிறேன். ரேம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் அல்ல. ஒரே டெஸ்க்டாப்பை நம்பிக் கட்டிய டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை), அது நின்றுபோனால் என்ன செய்யும்? எல்எக்ஸ்டிஇ என்ற டெஸ்க்டாப்பைப் பாருங்கள்: அது சாளரங்களையும் பொத்தான்களையும் வரையும் ஜிடிகே 2 நிரலகத்தில் எழுதப்பட்டது. அதைத் தொடங்கியவரே 2013-இல் கியூட்டி என்ற வேறொரு நிரலகத்தின் பக்கம் போனார். ரேஸர்-கியூட்டி என்ற இன்னொரு டெஸ்க்டாப் திட்டத்தோடு இணைந்து எல்எக்ஸ்கியூட்டி பிறந்தது. எல்எக்ஸ்டிஇயோடு வந்துகொண்டிருந்த உபுண்டு வகையான லுபுண்டு 18.10-இல் அதற்கு மாறியது. டெஸ்க்டாப் மாறியதே தவிர, அடியில் இருந்த உபுண்டு மாறவில்லை. நம் அடித்தளமும் அப்படிப் பிரிந்து நிற்க வேண்டும்.

நள்ளிரவு டெர்மினல்:
எனக்கு உடன்பாடில்லை. லினக்ஸ் மின்ட் என்ற டிஸ்ட்ரோ 18.3-உடன், கியூட்டியில் எழுதிய கேடிஇ டெஸ்க்டாப் பதிப்பை நிறுத்தியது ஏன்? அவர்கள் எழுதும் கருவிகள் ஜிடிகே டெஸ்க்டாப்களுக்கானவை, கேடிஇயோடு ஒட்டவில்லை. அவ்வளவு பெரிய திட்டமே சுமக்க முடியாமல் விட்ட பாரத்தை, வார இறுதியில் மட்டும் உட்காரும் நாம் எடுப்பது சரியல்ல.

கரிசல்காடு:
அதே மின்ட் சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என மூன்று டெஸ்க்டாப்களை இன்னும் தாங்குகிறதே. 2016-இல் எக்ஸ்-ஆப்ஸ் என்ற பெயரில் உரைத் திருத்தி, படம் பார்க்கும் செயலி, பிடிஎஃப் செயலி என்று பொதுவாக எழுதினார்கள். எந்த டெஸ்க்டாப்புக்கும் கட்டுப்படாத கருவிகள் இருந்தால் பல டெஸ்க்டாப்களைத் தாங்கலாம் என்பதற்கு அதுதான் ஆதாரம்.

நள்ளிரவு டெர்மினல்:
அந்த மூன்றுமே ஜிடிகே. நீங்கள் கேட்பது ஜிடிகேயும் கியூட்டியும் சேர்ந்து. எல்எக்ஸ்கியூட்டியில் ஃபயர்பாக்ஸைத் திறந்தாலே ஜிடிகே 3 நினைவகத்தில் ஏறிவிடும். மிச்சம் பிடித்த ரேமை இரண்டு டேப்கள் தின்றுவிடும்.

அதைவிட எனக்குக் கவலை தமிழ்த் தட்டச்சு. நம் ஐஎஸ்ஓவில் தமிழ்99 விசைப்பலகை ஃபிசிடிக்ஸ்5 என்ற உள்ளீட்டுக் கருவி வழியாக வருகிறது. டெபியன் 12-இல் எல்எக்ஸ்கியூட்டி 1.2, அது கியூட்டி 5. டெபியன் 13-இல் 2.1, அது கியூட்டி 6. ஃபிசிடிக்ஸின் கியூட்டி 6 இணைப்புத் தொகுப்பு விடுபட்டால் ஃபயர்பாக்ஸில் தமிழ் வரும், கோப்பு மேலாளரில் ஒரு கோப்புறைக்குத் தமிழில் பெயர் வைக்க முடியாது. ஆசிரியர் அதைப் பார்த்தால், லினக்ஸில் தமிழே வராது என்றுதான் முடிவுகட்டுவார்.

தொகுப்பாளி:
நடுவில் வருகிறேன். ஒரே ஐஎஸ்ஓவில் இரண்டையும் வைப்பதை நானும் எதிர்க்கிறேன். எக்ஸ்எஃப்சிஇக்கும் எல்எக்ஸ்கியூட்டிக்கும் தனித்தனி அறிவிப்புச் சேவை, பவர் மேனேஜர், கடவுச்சொல் கேட்கும் போல்கிட் ஏஜென்ட் உண்டு. அவற்றைத் தானாகத் தொடங்கவைக்கும் ஆட்டோஸ்டார்ட் கோப்பில், எந்த டெஸ்க்டாப்பில் மட்டும் எழ வேண்டும் என்று சொல்லும் 'ஒன்லிஷோஇன்' வரி இல்லாவிட்டால் ஒன்றின் சேவை மற்றொன்றில் எழுந்து உட்காரும்.

ஆனால் இரண்டு ஐஎஸ்ஓ என்றால் வேலை அவ்வளவு இல்லை. கர்னல், ஃபர்ம்வேர், எழுத்துருக்கள், ஃபிசிடிக்ஸ் எல்லாம் ஒரு மெட்டா பேக்கேஜில் (பல தொகுப்புகளைச் சேர்த்து நிறுவவைக்கும் பேக்கேஜில்) போகட்டும். டெஸ்க்டாப்புக்கு ஒரு மெட்டா பேக்கேஜ், ஒரு செட்டிங்ஸ் பேக்கேஜ். எக்ஸ்எஃப்சிஇ கொண்ட உபுண்டு வகையான சுபுண்டுவும், லுபுண்டுவும் இதைத்தான் செய்கின்றன: தங்கள் இயல்பமைப்புகளைத் தனி எக்ஸ்டிஜி (டெஸ்க்டாப்களுக்கான பொது விதிமுறை) கோப்புறையில் வைத்து, அந்தந்த செஷனுக்கு மட்டும் அதைக் காட்டுகின்றன. எந்தக் கோப்பை எந்தச் செயலி திறக்க வேண்டும் என்பதற்கும் டெஸ்க்டாப் பெயரோடு தனி மைம் (கோப்பு வகை) பட்டியல் வைக்க விதிமுறையிலேயே இடம் உண்டு. இப்போது நம் அமைப்புகளெல்லாம் நேரடியாகப் பயனரின் ஹோம் கோப்புறைக்குள் கொட்டப்படுகின்றன. எல்எக்ஸ்கியூட்டி வந்தாலும் வராவிட்டாலும் இதைத் திருத்தியாக வேண்டும்.

நள்ளிரவு டெர்மினல்:
பிரிப்பது நல்லதுதான், செய்யுங்கள். அப்புறம் சோதிப்பது யார்? பிரிண்டர், புரொஜெக்டர், வைஃபை, தட்டச்சு என ஒவ்வொரு வெளியீட்டிலும் எல்லாம் இரட்டிப்பாகும். ஆசிரியர் கையேட்டின் படங்களையும் இரண்டாவது முறை எடுக்க வேண்டும். ஒன்றையே பழுதில்லாமல் கொடுப்பதுதான் அந்தப் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் மரியாதை.

கரிசல்காடு:
அந்த மரியாதைக்காகத்தான் நானும் பேசுகிறேன். திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய முறையான எக்ஸ்11 போய், புதிய வேலண்ட் வருகிறது. எக்ஸ்எஃப்சிஇ 4.20-இல் அது இன்னும் சோதனை நிலையில்தான். எல்எக்ஸ்கியூட்டி 2.1 வேலண்ட் செஷனோடு வந்திருக்கிறது. ராஸ்பெர்ரி பை ஓஎஸ் 2024 அக்டோபரில் லேப்டபிள்யூசி என்ற வேலண்ட் சாளர மேலாளருக்கு மாறிவிட்டது. எது பழைய கிராஃபிக்ஸில் ஒழுங்காக ஓடும் என்று ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எப்படித் தெரிந்துகொள்வது?

நள்ளிரவு டெர்மினல்:
அதற்காக என்றால் சோதனைப் பதிப்பாக வரட்டும். ஆனால் கோப்பு மேலாளர், டெர்மினல், உலாவி மூன்றிலும் தமிழ்99 ஓடுகிறது என்று யாராவது ஒரு பழைய கணினியில் சோதித்து எழுதும்வரை அந்த ஐஎஸ்ஓ பதிவிறக்கப் பக்கத்துக்கு வரக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தொகுப்பாளி:
சரி. செட்டிங்ஸ் பேக்கேஜைப் பிரிக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். எக்ஸ்எஃப்சிஇ பக்கம் முதலில்.