'சக்கர அளவு' போதாது. 'வட்டை விட்டம்' என்றால் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம். தெரு டிரையல்ஸுக்கு (தெருவிலுள்ள படி, சுவர்மேல் சைக்கிளில் தாவி ஏறும் விளையாட்டு) எந்தச் சக்கரம் சரி என்று தமிழில் கட்டுரை எழுதிய நண்பர், அதன் சொற்களைப் பற்றிக் கேட்டவற்றுக்கு என் பதில் இது.

> வீல் சைஸுக்கு 'சக்கர அளவு' என்றே போட்டுவிட்டேன். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கு அண்ணே. போன வருஷம் அக்கா மகனின் 26 அங்குலச் சைக்கிளுக்குக் காரைக்குடியில் ஒரு கடையில் 26 டயர் கேட்டு வாங்கி வந்தேன். மாட்டிப் பார்த்தால் ரிம்மில் தொளதொளவென்று தொங்குகிறது. கடைக்காரர் கொடுத்தது 26×1⅜. அந்த டயர் ரிம்மில் உட்காருமிடத்தின் விட்டம் 590 மி.மீ. எங்களுக்கு வேண்டியதோ 26×2.1, அதற்கு 559. இரண்டுமே 26தான், நடுவில் 31 மி.மீ. வித்தியாசம்! 26 என்பது காற்றடைத்த டயரின் வெளிவிட்டத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லும் பெயர், அவ்வளவே. ஐ.எஸ்.ஓ. 5775 என்ற பன்னாட்டுத் தர முறைப்படி டயர் ஓரத்தில் 54-559 என்று பொறித்திருப்பார்களே, அதில் பின்னால் வரும் எண்தான் உண்மையான அளவு. சொல் வேண்டியது அதற்குத்தான்.

> 'விளிம்பு விட்டம்' எனலாமா?

கூடாது. ரிம்மின் விளிம்பு டயர் உட்காரும் இடத்தைவிடச் சற்று உயர்ந்து நிற்கும். அதை அளந்தால் எண் கூடிவிடும். டயர் ஓரத்துக்குள் இருப்பதைக் கடைகளில் 'கம்பி' என்கிறார்களே, அதை வைத்து 'கம்பி விட்டம்' என்றும் யோசித்தேன். மடக்கி எடுத்துப்போகும் டயரில் கம்பியே இல்லை, நாரிழைதான்.

மாட்டுவண்டிச் சக்கரத்தைப் பாருங்கள்: நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால், சுற்றிலும் வட்டை. காய்ச்சி விரிந்த இரும்புப் பட்டாவை வட்டைமேல் இறக்கிக் குளிர வைத்தால் இறுகிக்கொள்ளும். பட்டா பொருந்துமா என்பதை முடிவு செய்வது வட்டையின் அளவுதான். சைக்கிளில் ரிம்தான் வட்டை, டயருக்கும் கணக்கு அதேதான். ஆகவே 'வட்டை விட்டம்'. பேச்சில் '507 வட்டை' என்று சுருக்கிக்கொள்ளலாம்.

> வட்டை யாருக்குத் தெரியும்?

கோட்டம் எடுக்கிற மெக்கானிக்கிடம் ஒருமுறை சொன்னால் போதும், மறுநாள் அவரே சொல்வார்.

இனி கட்டுரையின் விஷயம்: எந்தச் சக்கரம் எடுப்பது? 20 (முன்சக்கர வட்டை 406) இருக்கையில்லாத போட்டி வண்டிகளுக்குச் சரி. தெருவில் பழகுகிறவருக்குத் துடுக்கு அதிகம். 24 (507) எடை குறைவு, உறுதி கூடுதல், பின்சக்கரத்தில் நின்று திரும்ப லகு. 2009-இல் வெளியான காணொளியில் எடின்பரோ தெருக்களில் ஸ்காட்லாந்து டிரையல்ஸ் வீரர் டேனி மெக்காஸ்கில் ஓட்டிக் காட்டியது 24-தான். 26 (559) படியின் முனையில் இடறாமல் ஏறும், டயரும் நம்மூரிலேயே கிடைக்கும். பள்ளிப் பையனுக்கு 24 என்பேன். ஏற்கெனவே மலைச் சைக்கிள் ஓட்டிய நெடியவருக்கு 26. கானாடுகாத்தான் வீட்டுத் திண்ணைகளில் ஏற்றிப் பழகலாம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஆச்சிமார் விளக்குமாற்றோடு வருவார்கள். உள்ளே ஆத்தங்குடிக் கல் வேறு, ஈரம் பட்டால் வழுக்கும்.

முதல் வரியை இப்படி மாற்றிப் பாருங்கள்: 'தெரு டிரையல்ஸ் பழகத் தொடங்குபவர் டயர் வாங்கும்முன் வண்டியின் வட்டை விட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.'

இரண்டாம் பத்தியில் ஸ்போக்குக்கு 'ஆரம்' என்று இருக்கிறது. கணக்கு வாத்தியார் சண்டைக்கு வருவார். ஆரக்கால் என்று திருத்திவிடுங்கள்.