பெற்ற பிள்ளையே முகத்தைத் திருப்பிக்கொண்ட அனுபவம்

நெல்லைக்காரி:
மஸ்கட்டில் நர்ஸ் வேலை. பையனை என் அம்மாவிடம் விட்டுப் போன கதை உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். லீவில் வந்தபோது அவனுக்கு ஒன்றரை வயது. என்னைப் பார்த்ததும் அழுவான் என்றுதான் நினைத்திருந்தேன். அழவில்லை. கரண்ட் ரீடிங் எடுக்க வந்த ஆளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு, தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். "கோவமா இருக்கான், சரியாயிரும்" என்றாள் அம்மா. சரியாகித்தான் போனது. ஆனாலும் அந்தத் தலை திரும்பியது மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

வார்டு அக்கா:
கோபம் என்று முடித்துவிடாதீர்கள். 1952-ல் லண்டனில் குழந்தைகளின் பிரிவுத் துயரை ஆராய்ந்த ஜேம்ஸ் ராபர்ட்சன் எடுத்த ஆவணப்படத்தில், ஆபரேஷனுக்காக 8 நாள் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வயதுச் சிறுமி, வீட்டுக்குக் கிளம்பும்போது அம்மா கையைப் பிடிக்க மறுப்பாள். முதலில் கத்தி அழுவது, அப்புறம் ஒடுங்கிப்போவது, கடைசியில் விலகிவிடுவது என்று அவரும் மனநல மருத்துவர் ஜான் பவுல்பியும் சொன்னது இதைத்தான். எங்கள் வார்டிலும் "பழகிட்டா, சமத்து" என்று எல்லாரும் கொஞ்சிய ஒரு பாப்பா இருந்தாள். அப்பா வந்து பிஸ்கட் நீட்டினார். வாங்கித் தின்றாள்; அவர் முகத்தை மட்டும் கடைசிவரை பார்க்கவில்லை. மனுஷன் காலி பாக்கெட்டை மடித்துக்கொண்டே நின்றார்.

சித்தி பிள்ளை:
இப்படித்தான் வேலைக்குப் போகும் பெண்களைப் பயமுறுத்துகிறார்கள். உங்கள் பாப்பா தெரியாத இடத்தில் கிடந்தாள். நெல்லைக்காரி பையன் ஆச்சி மடியில் இருந்தான். இரண்டும் ஒன்றா? உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த் 1954-ல் உகாண்டா கிராமங்களுக்குப் போனபோதே, பலர் கையில் வளரும் பிள்ளைகளும் அம்மாவிடம் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறார். நானும் சித்தி வளர்த்தவன்தான். அம்மா வந்தால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வேனாம். எனக்கு நினைவில்லை, அம்மாவுக்கு இருக்கிறது. யாரும் செத்துப்போகவில்லை.

ஓய்வு வாத்தியார்:
என் பேத்தியும் துபாயிலிருந்து வந்த அப்பனிடம் போகவில்லை. தாய்மார்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளை தூங்கும் நேரம் பார்த்து நழுவிப் போகாதீர்கள். டாட்டா சொல்லிவிட்டே கிளம்புங்கள், அழுதால் அழட்டும். உடுத்திய சேலை ஒன்றைத் துவைக்காமல் விட்டுச் செல்லுங்கள். திரும்பி வந்ததும் பாய்ந்து தூக்காமல் அதே அறையில் சும்மா உட்கார்ந்திருங்கள், அதுவாக வரும். பொம்மையைக் காட்டி இழுக்க வேண்டாம். தூங்கவைப்பது ஆச்சியாகவே இருக்கட்டும், குளிப்பாட்டுவதை முதலில் கையில் எடுங்கள். எட்டு மாதம் தொடங்கி ஒன்றரை வயதுவரை வேற்றுமுகம் கண்டு மிரள்வது பெரும்பாலான பிள்ளைகளுக்கு உண்டு, அதையும் கணக்கில் வையுங்கள்.

நெல்லைக்காரி:
சேலை விட்டுத்தான் போனேன் சார். அம்மா துவைத்து மடித்து பீரோவில் வைத்துவிட்டாள்.

வார்டு அக்கா:
சித்தி பிள்ளை, சாவதைப் பற்றி நான் பேசவே இல்லை. எய்ன்ஸ்வொர்த் பின்னாளில் அமெரிக்காவின் பால்டிமோரில் நடத்திய சோதனையில், பிள்ளையை ஓர் அறையில் விட்டுவிட்டு அம்மா வெளியே போவது ஒவ்வொரு முறையும் 3 நிமிடம்தான். அழாமல் விளையாடிய பிள்ளைகளுக்கும் நெஞ்சுத் துடிப்பு ஏறியதை அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அளந்து காட்டினார்கள். ஆச்சி மடியில் இருந்தவனுக்கும் துடிப்பு ஏறியிருக்காது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

சித்தி பிள்ளை:
3 நிமிடச் சோதனையை வைத்து மஸ்கட்டை அளக்கிறீர்களே அக்கா, அதைத்தான் கேட்கிறேன்.