வெள்ளி அயனி பெல்லட்: இம்பிடன்ஸில் அரைவட்டம் ஏன் வரவில்லை?

கேள்வி:
வெள்ளி அயனிகளைக் கடத்தும் திடப்பொருளான ருபீடியம் சில்வர் அயோடைடு பொடியை அழுத்தி 1 மி.மீ. தடிமன், 1 ச.செ.மீ. பரப்பில் பெல்லட் செய்து, ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் கிராபைட் வைத்து அறை வெப்பநிலையில் இம்பிடன்ஸ் (பல அதிர்வெண்களில் மாறுமின்னோட்டத்துக்கு வரும் எதிர்ப்பு) எடுத்து வரைபடம் போடுகிறேன். பெல்லட்டின் தடையைக் காட்ட வேண்டிய அரைவட்டம் எங்கேயுமே இல்லை. உயர் அதிர்வெண்ணில் புள்ளிகள் கிடை அச்சைத் தாண்டி மறுபக்கம் போகின்றன, அப்புறம் சாய்ந்த ஒரு கோடு, அவ்வளவுதான். கிராபைட்டை நேர்முனையாக்கி வோல்டேஜை ஏற்றினால் 0.7 வோல்ட் பக்கம் மின்னோட்டம் எகிறுகிறது. பெல்லட் கெட்டுவிட்டதா, இல்லை கருவியில் கோளாறா?

பதில் 1:
அரைவட்டம் வராததற்கு இரண்டுமே காரணம் இல்லை. இதன் கடத்துதிறன் 25 டிகிரியில் செ.மீ.க்கு 0.2 சீமென்ஸுக்கு மேல், அதாவது உங்கள் பெல்லட்டின் மின்தடை அரை ஓம்கூட இருக்காது. மின்தேக்கம் பத்து இருபது பிக்கோபாரட் என்று வைத்துக் கணக்குப் போட்டால் அரைவட்டம் பத்து ஜிகாஹெர்ட்ஸையும் தாண்டிப் போய்விடுகிறது, எந்த சாதாரண அனலைசரும் அங்கே எட்டாது. அச்சைத் தாண்டும் புள்ளிகள் வயரின் மின்தூண்டல். வயரின் தடையே பெல்லட்டின் தடைக்குச் சமமாக வரும், அதனால் நான்கு முனை அளவீடு (மின்னோட்டத்துக்கு ஒரு ஜோடி வயர், வோல்டேஜுக்குத் தனி ஜோடி) இல்லாமல் கிடைக்கும் எண்ணை நம்பவே வேண்டாம். சாய்ந்த கோடு கிராபைட்டில் அயனிகள் தடுக்கப்படுவதால் வருவது, தொடுபரப்பு சொரசொரப்பாக இருந்தால் அது நேர்குத்தாக நிற்காது.

பதில் 2:
0.7 வோல்ட் விஷயம் வேறு. சில்வர் அயோடைடின் உருவாக்கக் கட்டற்ற ஆற்றல் மோலுக்கு சுமார் 66 கிலோஜூல், அதை பாரடே மாறிலியால் (ஒரு மோல் எலக்ட்ரான்களின் மின்னூட்டம்) வகுத்தால் 0.69 வோல்ட் வருகிறது. உங்கள் சேர்மம் அதற்குச் சற்று முன்பே சிதையும், கிராபைட் பக்கம் அயோடின் வெளியேறும். ஒருமுறை அப்படிச் சிதைந்த பெல்லட்டில் மறுபடி அளக்காதீர்கள். எலக்ட்ரான் கடத்தலை மட்டும் அறிய வாக்னர் முறையில் (ஒரு முனையில் அயனிகளைத் தடுத்து, எஞ்சும் மின்னோட்டத்தை அளப்பது) 0.6 வோல்ட்டுக்குள் நிறுத்தி, மின்னோட்டம் அடங்கும்வரை பொறுமையாகக் காத்திருங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி, முனைகளை மாற்றிப் போட்டு அளக்கலாமா?

பதில் 2:
கூடாது. வெள்ளி நேர்முனையானால் அதிலிருந்து அயனிகள் கரைந்து வந்து கிராபைட்டில் வெள்ளியாகப் படியும், அங்கே எதுவும் தடுக்கப்படாது, நாளாவட்டத்தில் இழை வளர்ந்து ஷார்ட்டும் ஆகலாம்.

பதில் 3:
ஈரத்தையும் கவனியுங்கள். 27 டிகிரிக்குக் கீழே இந்தச் சேர்மம் நிலையானதல்ல, உலர்வாக இருந்தால் தாக்குப்பிடிக்கும், ஈரம் பட்டால் சில்வர் அயோடைடாகவும் கடத்தாத இன்னொரு அயோடைடாகவும் பிரிந்துவிடும். வெள்ளித் தகட்டுக்குப் பதில் வெள்ளிப் பொடியோடு இதே பொடியைக் கலந்து அழுத்திப் பாருங்கள், தொடர்பு நன்றாக அமையும்.