மூணு மாசம் முதலாளி வராமல் ஓடினால்தான் அது கம்பெனியா?

கணபதி_லேத்து:
போன ஞாயிற்றுக்கிழமை மருமகன் கூப்பிட்டானே என்று ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். சொந்தத் தொழிலை வளர்த்து, பிறகு நல்ல விலைக்குக் கைமாற்றுவது எப்படி என்று பேசினார்கள். மேடையில் ஒருவர் சொல்கிறார், "மூணு மாசம் கம்பெனிப் பக்கமே போகாதீங்க. அது பாட்டுக்கு ஓடினால் உங்க கையில் இருப்பது கம்பெனி. நின்று போனால் உங்களுக்கு இருப்பது வெறும் வேலை, அதை எவனும் காசு கொடுத்து வாங்க மாட்டான்." எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

31 வருடமாக நான் செய்வது வெறும் வேலையா? கோவை கணபதியில் வாடகை ஷெட்டில் ஒரு பழைய லேத்து போட்டு ஆரம்பித்தவன். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின்களே நாலு சிஎன்சி, இரண்டு விஎம்சி, ஆள் 26 பேர். 2012-ல் பாதி நாளுக்கு மேல் கரண்ட் இல்லாதபோது வீட்டுக்காரி நகையை அடகு வைத்து, டீசல் வாங்கி, ஜெனரேட்டரில் ஷாப்ட் ஓட்டிக் கொடுத்தேன். அன்றைக்கு மூணு மாசம் நான் வராமல் இருந்திருந்தால் கதவில் பேங்க்காரன் நோட்டீஸ் ஒட்டியிருப்பான். மூணு மாசமாம். இந்த ஊரில் எந்தப் பட்டறை அப்படி ஓடுகிறது, ஒன்றைக் காட்டுங்கள்.

சலான்:
ஐயா, அவர் சொன்ன விதம் தப்பாக இருக்கலாம், விஷயம் தப்பில்லை. நான் ஆடிட்டர். நாலு கம்பெனி கைமாறும்போது விற்பவர் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். வாங்க வருபவன் உங்கள் உழைப்பைக் குறை சொல்ல வரவில்லை, நீங்கள் போன பிறகும் இந்த லாபம் வருமா என்றுதான் பார்க்கிறான். மூன்று வருடக் கணக்கு, ஜிஎஸ்டி ரிட்டர்ன், பிஎஃப், ஈஎஸ்ஐ கட்டிய சலான், பார்ட்டியோடு போட்ட ஒப்பந்தம், இடத்துப் பத்திரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். நம் ஊரில் ஷெட் இருக்கும் இடம் அம்மா பேரில் இருக்கும், டிரேட்மார்க் அண்ணன் பேரில் பதிவாகியிருக்கும், தம்பி மனைவிக்கு வேலைக்கு வராமலே சம்பளம் போகும். இதையெல்லாம் சரி செய்யவே இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். விலை பேச உட்கார்ந்த அன்றைக்கு ஆரம்பிக்கிற வேலை இல்லை.

கணபதி_லேத்து:
நான் கேட்டது மூணு மாசத்தைப் பற்றி. நீங்கள் பிஎஃப் சலானைக் காட்டுகிறீர்கள். பேரிலேயே சலான், பதிலும் சலான். மூணு மாசம் முதலாளி இல்லாமல் ஓடும், அடுத்தவன் டிராயிங்குக்குச் செய்து கொடுக்கும் ஒரு ஜாப் ஆர்டர் பட்டறையைச் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

மூணாம்_தலைமுறை:
பட்டறையை மட்டும் ஏன் பார்க்கிறீர்கள் சார்? ப்ரீத்தி மிக்ஸி நம் சென்னைக் கம்பெனிதான், 1978-ல் ஆரம்பித்தது. 2011-ல் பிலிப்ஸ் வாங்கியது. வாங்கிய பிறகும் ப்ரீத்தி என்ற பேரை எடுக்கவில்லை, இன்றைக்கும் கல்யாணச் சீரில் அந்த மிக்ஸி வருகிறது. ஆரம்பித்தவர் கையை விட்டுப் போன பிறகும் ஓடுகிறதே, மூணு மாசம் என்ன, எத்தனை வருஷம் ஆயிற்று!

கணபதி_லேத்து:
தம்பி, ப்ரீத்திக்குப் பேர் இருந்தது. ஊரில் இருக்கிற அம்மாக்கள் எல்லாம் கடையில் போய் அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டார்கள். பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் என் இம்பெல்லரில் என் பேர் இருக்கிறதா? பம்புக் கம்பெனிக்காரன் டிராயிங் கொடுக்கிறான், காஸ்டிங் அவனே அனுப்புகிறான், நான் கடைந்து கொடுக்கிறேன். என்னைத் தேடி வருவது என் கைக்காக. அந்தக் கையைத்தான் உங்கள் கூட்டத்துக்காரர் வெறும் வேலை என்கிறார்.

மூணாம்_தலைமுறை:
"எங்கள் கூட்டத்துக்காரர்" இல்லை சார், நான் அந்தக் கூட்டத்துக்கே வரவில்லை. ஆனால் இதே பேச்சைத்தான் எங்கள் வீட்டில் அப்பா பேசுகிறார். 68 வயது. செக்கில் அவர் கையெழுத்து மட்டும்தான். போன வருடம் கண் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தபோது சம்பளம் போட நான் செக் புத்தகத்தை வார்டுக்கே எடுத்துக்கொண்டு போனேன். ஒரு கண்ணில் கட்டோடு கையெழுத்துப் போட்டார், இரண்டு செக் கையெழுத்து பொருந்தவில்லை என்று திரும்பி வந்துவிட்டது. இதை பெருமையாக வேறு சொல்லிக்கொள்கிறார்.

கணபதி_லேத்து:
கட்டோடு கையெழுத்துப் போட்டாரே, அவர்தான் முதலாளி. அவரைப் பற்றி பொதுவில் இப்படி எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

பெருந்துறை_கலா:
அண்ணா, கோபப்படாதீர்கள். நாங்கள் விற்றவர்கள், அதனால் சொல்கிறேன். ஸ்பின்னிங் மில்களுக்கு நூல் சுற்றும் பேப்பர் கோன் போட்டுக் கொடுக்கும் யூனிட் எங்களுடையது. ஆர்டரில் முக்கால்வாசி இரண்டே மில்லிலிருந்து வந்தது. அந்த இரண்டு மில்லிலும் வீட்டுக்காரர் போனை எடுத்துப் பேசினால்தான் ஆர்டர், வேறு யார் பேசினாலும் "சாரைப் பேசச் சொல்லுங்க" என்பார்கள். வாங்க வந்தவர்கள் அதைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆகவில்லை. பேசிய விலையில் எழுபது சதவீதம்தான் கையில் வந்தது. மீதியை இரண்டு வருட லாபத்தோடு முடிச்சுப் போட்டார்கள். அந்த இரண்டு வருடமும் அவர் தான் கட்டிய ஷெட்டுக்கே சம்பளத்துக்குப் போனார். முதல் வாரம் வாசலில் புது செக்யூரிட்டி அவரிடம் ஐடி கார்டு கேட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை.

கணபதி_லேத்து:
பார்த்தீர்களா! அம்மணி, நீங்களே சொல்லிவிட்டீர்கள். வாங்கியவனே முதலாளியை இரண்டு வருடம் இரு என்று பிடித்து வைத்திருக்கிறான். அப்புறம் எதற்கு மூணு மாசம் வராதே என்று பாடம் எடுக்கிறார்கள்? முதலாளி இல்லாமல் ஓடாது என்று வாங்குகிறவனுக்கே தெரிந்திருக்கிறது. மேடையில் இருப்பவருக்குத்தான் தெரியவில்லை.

பெருந்துறை_கலா:
நான் சொன்னது அதற்கு நேர் எதிர் அண்ணா. ஓடாது என்று தெரிந்ததால்தான் முப்பது சதவீதத்தைப் பிடித்தார்கள். இரண்டாவது வருடம் ஒரு மில் ஆர்டரைக் குறைத்தது, அந்த முப்பதில் பாதி வரவே இல்லை. நாலு வருடம் முன்னாலேயே ஒரு மார்க்கெட்டிங் ஆளைப் போட்டு மில்லுக்குப் பழக்கிவிட்டிருந்தால் அந்தப் பணம் எங்களுடையது. அந்தச் சம்பளம் தண்டம் என்று சொன்னவள் நான்தான்.

கணபதி_லேத்து:
ஆள் போட்டால் ஆள் போய்விடுவான் அம்மணி. என்னிடம் செட்டிங் கற்றுக்கொண்டு மூன்று பேர் வெளியே போய்ப் பட்டறை போட்டுவிட்டார்கள். அதில் ஒருவன் என் பார்ட்டியிடமே பீஸுக்கு நாலு ரூபாய் குறைத்துக் கேட்டவன். யாருக்குச் சொல்லிக் கொடுக்க?

ஒன்று சொல்கிறேன் கேளுங்கள். அப்பாவுக்கு பைபாஸ் செய்தபோது 11 நாள் ஆஸ்பத்திரியிலேயே இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் ஒரு லாட் இம்பெல்லர் முழுக்க போர், அதாவது நடு ஓட்டை, முப்பது மைக்ரான் கூடுதல், 640 பீஸ் ரிஜெக்ஷன். அந்த மெஷினில் மத்தியானம் சூடு ஏறிய பிறகு டூல் நிற்கும் அளவை, அதாவது ஆஃப்செட்டை, எவ்வளவு மாற்ற வேண்டும் என்பது எனக்குத்தான் தெரியும். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி என் டேபிள் டிராயரில் வைத்திருக்கிறேன். 11 நாளுக்கே 640 பீஸ். மூணு மாசம் என்றால் என்ன ஆகும்? அது வெறும் வேலையா, வித்தையா?

சலான்:
வித்தைதான், யார் மறுத்தது? ஆனால் அந்தக் காலண்டர் தாள்தான் உங்கள் கம்பெனியின் விலை ஐயா. அதை செட்டிங் ஷீட்டாக எழுதி மெஷின் பக்கத்தில் மாட்டியிருந்தால் 640 பீஸும் பிழைத்திருக்கும். வாங்க வருபவன் உங்கள் டிராயரையும் சேர்த்தா விலைக்குக் கேட்பான்?

கணபதி_லேத்து:
மாட்டினால் அடுத்த வாரம் அது கணபதி முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றும். உங்களுக்குப் பட்டறை தெரியாது. ஏசி ரூமில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் ஷீட்டாகத்தான் தெரியும்.

நடுநிலை_மணி:
ஒரு சந்தேகம். பட்டர்ஃப்ளையும் குடும்பக் கம்பெனிதானே? 2022-ல் கிராம்ப்டன் 55 சதவீதம் வாங்கியதே, அங்கே முதலாளி மூணு மாசம் லீவு போட்டா காட்டினார்கள்?

சலான்:
அது பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனி. விலை தினமும் திரையில் தெரியும். இங்கே பேசுவது தனியார் கம்பெனி. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

நடுநிலை_மணி:
பட்டியலானால் குடும்பம் குடும்பம் இல்லையா? போன வருடம் ஜிஎஸ்டி திரியிலும் இப்படித்தான் நான் என்ன கேட்டாலும் "குழப்பாதீர்கள்" என்றீர்கள். கடைசியில் நான் சொன்னதுதான் சரியாக இருந்தது.

சலான்:
அன்றைக்கு நீங்கள், ஜிஎஸ்டி தளத்தில் பில்லைப் பதியும் இ-இன்வாய்ஸ் வருட விற்பனை 10 கோடிக்கு மேல் இருந்தால்தான் கட்டாயம் என்று அடித்துச் சொன்னீர்கள். 2023 ஆகஸ்டிலேயே அது 5 கோடிக்கு வந்துவிட்டது. யார் சொன்னது சரி?

நடுநிலை_மணி:
நான் அதைச் சொல்லவில்லை. சரி விடுங்கள், அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. யாரும் வாய் திறக்க மாட்டீர்கள், நானே கேட்கிறேன். கணக்கில் காட்டிய லாபம் ஒன்று, கையில் வருவது ஒன்று. விற்கும்போது கணக்கில் காட்டாத கச்சா பில்லில் போனதையும் சேர்த்து விலை கேட்கலாமா?

சலான்:
கேட்கலாம், தர மாட்டான். வரி கட்டாத லாபத்துக்கு யாரும் மதிப்புப் போட மாட்டார்கள். கம்பெனியைப் பங்காக வாங்கினால் உங்கள் பழைய பாக்கியும் அவன் தலையில்தான் விழும், அதனால் விலையைக் குறைப்பான், இல்லை எழுந்து போய்விடுவான். ஒரு கோடி லாபத்துக்கு ஐந்து மடங்கு விலை என்று வைத்துக்கொள்ளுங்கள், வருடத்துக்கு இருபது லட்சம் லாபத்தை மறைத்தவர் விற்கும்போது ஒரு கோடியை விடுகிறார். மிச்சம் பிடித்த வரி எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். இன்னொன்று, பார்ட்னர்ஷிப்பைப் பிரைவேட் லிமிடெட்டாக மாற்றி விற்கலாம் என்று கடைசி நேரத்தில் ஓடி வருகிறார்கள். வரி இல்லாமல் மாற்ற வேண்டுமென்றால் பழைய பார்ட்னர்கள் ஐந்து வருடம் குறைந்தது பாதிப் பங்கைக் கையில் வைத்திருக்க வேண்டும். மாற்றிய மறு வருடமே மொத்தத்தையும் விற்றால் அந்தச் சலுகை போய்விடும்.

கணபதி_லேத்து:
நான் ஒரு ரூபாய் கச்சாவில் போட்டதில்லை, அதை இங்கே எல்லோருக்கும் சொல்லிக்கொள்கிறேன். மணி சார் அவர் கதையை இங்கே கொண்டு வர வேண்டாம். பேச்சு மூணு மாசத்தைப் பற்றி.

நடுநிலை_மணி:
என் கதை என்று யார் சொன்னது? பொதுவாகக் கேட்டேன்.

மூணாம்_தலைமுறை:
சார், நீங்கள் பத்து தடவை மூணு மாசம் என்று எழுதிவிட்டீர்கள். இப்போதுதான் தெரிந்தது, என் நண்பன் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கிறான். அவர் சொன்னது ஒரு மாதமாம். மூணு மாசம் என்று சொல்லவே இல்லையாம்.

கணபதி_லேத்து:
மூணு மாசம்தான். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து என் காதால் கேட்டேன். பக்கத்தில் மருமகன் இருந்தான், அவன் நோட்டிலேயே எழுதியிருக்கிறான்.

மூணாம்_தலைமுறை:
மருமகன் நோட்டை போட்டோ எடுத்துப் போடுங்கள்.

கணபதி_லேத்து:
உங்களுக்கு நிரூபிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஒரு மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மாதம் ஓடும் பட்டறையைக் காட்டுங்கள்.

பெருந்துறை_கலா:
அண்ணா, நீங்கள் விற்கப் போகிறீர்களா, இல்லையா? அதை நீங்கள் சொல்லவே இல்லையே.

கணபதி_லேத்து:
மகள் கனடாவில். மருமகனுக்கு எண்ணெய்ப் பிசுக்கு ஆகாது. போன மாதம் ஒரு பம்புக் கம்பெனி ஆள் வந்து மெஷின் விலைக்குக் கேட்டான். மெஷின் விலைக்கு! 31 வருடத்துக்கு அவன் போட்ட விலை பூஜ்யம். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சலான்:
ஏன் மெஷின் விலைக்குக் கேட்டான் என்றுதானே ஐயா இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கணபதி_லேத்து:
நீங்கள் சொன்னது பிஎஃப் சலான். நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. நாளைக் காலை ஆறு மணிக்குப் புது ஷாப்ட் செட்டிங், நான் போனால்தான் ஓடும். மத்தியானம் வந்து பார்க்கிறேன், அதற்குள் ஒரு பட்டறையாவது காட்டுங்கள்.

மூணாம்_தலைமுறை:
நோட்டு போட்டோவும் அப்படியே போடுங்கள் சார்.