டாஷ்போர்டில் விடுபடும் நோயாளர்கள்: பதிவேடுகளைச் சரிசெய்ய ஆலோசனை தேவை

வணக்கம். பொது மருத்துவர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் எங்கள் கிளினிக்கில் நோயாளர் பதிவேடுகளைச் செம்மைப்படுத்தும் பொறுப்பு என்னுடையது என்பதால், அனுபவமுள்ளவர்களின் உதவியை நாடி எழுதுகிறேன்.

எங்கள் டாஷ்போர்டு (நோயாளர் விவரங்களைத் தொகுத்துக் காட்டும் கணினித் திரை) குறியீட்டுடன் பதிவான தகவல்களை மட்டுமே எண்ணுகிறது. மருத்துவர் தம் குறிப்பில் "சர்க்கரை நோய்" என்று எழுதியிருந்தாலும், அதற்குரிய ஸ்னோமெட் குறியீடு (மருத்துவப் பதிவுகளுக்கான சர்வதேசக் குறியீட்டு முறை) இடப்படாவிட்டால் அந்த நோயாளர் கணக்கில் வருவதில்லை, கண், பாதப் பரிசோதனைக்கான நினைவூட்டலும் அவருக்குப் போவதில்லை. என்னை மிகவும் வருத்துவது இதுதான். எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) அளவு 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தும் குறியீடு இல்லாதவர்களைத் தேடும் வடிகட்டி ஒன்றை அமைத்துவிட்டேன். ஆனால் மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை நோய் மருந்தை உட்கொள்வோரை வைத்துத் தேடினால், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்காக அதை எடுத்துக்கொள்ளும் பெண்களும் பட்டியலில் வந்துவிடுகிறார்கள். ஆகவே மருத்துவர் பார்க்காமல் மொத்தமாகக் குறியீடு சேர்ப்பது தவறு என்றே கருதுகிறேன்.

உங்கள் இடத்தில் இத்தகைய பட்டியல்களை யார் சரிபார்க்கிறார்கள், எத்தனை நாட்களுக்கு ஒருமுறை? ஒவ்வாமை விவரம் வெறுமையாக இருக்கும்போது, "ஒவ்வாமை இல்லை" என்பதையும் "கேட்கப்படவில்லை" என்பதையும் பிரித்துக் காட்ட வழி கண்டவர்கள் அன்புகூர்ந்து விளக்குங்கள். நோயாளர் விவரம் எதையும் இங்கே பகிர வேண்டாம். முறையை மட்டும் சொன்னால் போதும்.